மல்லாட்டைப் புண்ணாக்கை நம்பி மீன் வளர்க்கலாமா? குடியாத்தத்து அரை ஏக்கர் குட்டைக்கு ஒரு பதில்

குடியாத்தம் பக்கம் அரை ஏக்கர் பண்ணைக்குட்டை, போர் தண்ணீர், கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை இனங்கள் மூன்றும் சேர்த்து 2,000 விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்). கம்பெனி மிதவைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை. சொந்தக்காரர் செக்கில் மல்லாட்டைப் (வேர்க்கடலை) புண்ணாக்கு கிடைக்கிறது, ஆரணி அரிசி ஆலையிலிருந்து தவிடு வருகிறது. மீன்தூளே இல்லாமல் இவற்றோடு சோயாவும் சேர்த்துத் தீவனம் செய்யலாமா, எந்த அளவில், புண்ணாக்கு போட்டால் மீன் வயிற்றில் கொழுப்புதான் வைக்கும் என்று மாமா சொல்வது சரியா, அடுத்த வருடம் விரால் விட்டால் அதற்கும் இதே ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: மீன்தூளில் இருக்கிற எது புண்ணாக்கில் இல்லை, அதை எதைக்கொண்டு ஈடுகட்டுவது? அது பிடிபட்டுவிட்டால் அளவெல்லாம் வெறும் கணக்கு.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். கெண்டை இனங்களுக்கு மீன்தூள் கட்டாயமில்லை. நம் நாட்டில் கட்லா, ரோகு வளர்ப்பு தொடங்கிய காலத்திலிருந்தே தவிடும் மல்லாட்டைப் புண்ணாக்கும் சரிபாதி என்பதுதான் தீவனம். மாமிசம் தின்னும் சால்மன் மீனுக்கே நார்வேக்காரர்கள் தாவரப் புரதத்துக்கு மாறிவிட்டார்கள். 1990-ல் அவர்கள் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீன்தூள். 2016 வாக்கில் அது ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஆகவே மீன்தூள் இல்லையே என்ற கவலையை விடுங்கள். உங்கள் குட்டையில் தொல்லை கொடுக்கப்போவது வேறு மூன்று விஷயங்கள்: லைசின் என்ற அமினோ அமிலம், பூஞ்சை நஞ்சு, பாஸ்பரஸ். இந்த மூன்றில் பூஞ்சைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

லைசினிலிருந்து தொடங்குவோம். மீனுக்கு வேண்டியது புரதம் என்று சொல்கிறோமே தவிர, அதற்குள் இருக்கும் பத்து அமினோ அமிலங்கள்தான் தேவை. மீனின் உடல் அவற்றைத் தானாகச் செய்துகொள்ளாது. பத்தில் ஒன்று குறைந்தால், மற்ற ஒன்பதும் கொட்டிக் கிடந்தாலும் சதை வளராது. மிஞ்சிய புரதம் எரிந்து அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலந்துவிடும். கெண்டைக்குப் புரதத்தில் ஏறக்குறைய 5.5 முதல் 6 சதவீதம் லைசின் வேண்டும். மீன்தூளின் புரதத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, சோயாவில் 6-ஐ ஒட்டி இருக்கிறது. மல்லாட்டையில் 3.5 தான். செக்குப் புண்ணாக்கில் 42 சதவீதம் புரதம் இருந்தும், சோயாவின் 45 சதவீதத்துக்கு அது சமமாகாததற்குக் காரணம் இதுதான். புண்ணாக்கும் தவிடும் சரிபாதி போட்டுக் கணக்குப் பாருங்கள்: புரதம் 27 சதவீதம் வரும், கம்பெனி மூட்டையில் அச்சடித்திருப்பதற்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் அந்தப் புரதத்தில் லைசின் 3.8 சதவீதத்தைத் தாண்டாது. மூன்றில் ஒரு பங்கு பற்றாக்குறை.

இங்கே பலர் செய்வது, ஒரே புண்ணாக்கு வேண்டாம் என்று எள்ளுப் புண்ணாக்கைச் சேர்ப்பது. இதனால் லைசின் குறை தீராது. எள்ளில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தாராளம், லைசினோ மல்லாட்டையைவிடக் குறைவு. இரண்டு குறைகளும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஈடுகட்ட வேண்டுமானால் சோயா வேண்டும், அல்லது பயறு வகை வேண்டும். கொள்ளு, தட்டைப்பயறு, உளுந்து எல்லாவற்றிலும் லைசின் நல்ல அளவில் உண்டு. உங்கள் பக்கம் கொள்ளு மலிவாகக் கிடைத்தால் வேகவைத்து 10 சதவீதம் வரை சேர்க்கலாம். பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, வெந்தால்தான் அழியும். கடையில் விற்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடு பொடியிலும் 78 சதவீதம் லைசின் இருக்கிறது. கொஞ்சம் பற்றாக்குறை என்றால் அதைக்கொண்டு நிரப்பலாம். ஆனால் முழுக் குறையையும் பொடியால் அடைக்கப் பார்க்காதீர்கள். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, வாயிலிருந்து நேராகக் குடல்தான். பொடியில் இருக்கும் லைசின் சட்டென்று ரத்தத்தில் ஏறி, புண்ணாக்கிலிருந்து மற்ற அமினோ அமிலங்கள் வந்து சேருவதற்குள் வீணாகிவிடும். தண்ணீரிலும் கொஞ்சம் கரைந்து போகும். ஒரே வேளையாகக் கொட்டாமல் நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால் இந்த இழப்பு குறையும்.

இவ்வளவு துல்லியம் உங்களுக்குத் தேவையா என்பது குட்டையைப் பொறுத்தது. தண்ணீர் இளம்பச்சையாக இருந்து, முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிகிறது என்றால் மிதவை உயிரிகள் (தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள்) நன்றாக இருக்கின்றன. அவற்றில் லைசின் உண்டு, பாஸ்பரஸ் உண்டு, உயிர்ச்சத்துகளும் உண்டு. கட்லாவுக்கு அதுதான் முதல் உணவு. அரை ஏக்கரில் 2,000 குஞ்சு என்பது மிதமான அடர்த்தி. வளர்ப்பின் முதல் பாதியில் குட்டையே பாதிப் பசியை ஆற்றிவிடும், அப்போது புண்ணாக்கும் தவிடும் கூட நன்றாகத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு மீனும் கால் கிலோவைத் தாண்டியபிறகு இயற்கை உணவு எல்லாருக்கும் பத்தாது. அப்போதுதான் லைசின் குறை வளர்ச்சியில் தெரியத் தொடங்கும். தார்ப்பாய்த் தொட்டி, கூண்டு ஆகியவற்றில் வளர்ப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை அல்லது மிகக் குறைவு. அங்கே முதல் நாளிலிருந்தே முழுத் தீவனம் வேண்டும். குட்டைக்குக் குட்டை இயற்கை உணவு எவ்வளவு தரும் என்பதை யாரும் எண்ணில் சொல்ல முடியாது. எடை போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோயா வாங்கும்போது எண்ணெய் எடுத்து வறுத்த சோயாப் புண்ணாக்கு வாங்குங்கள். சோயா மொச்சையை வாங்கிப் பச்சையாக அரைப்பது மோசம். வறுபட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மூடியுள்ள ஒரு பாட்டிலில் இரண்டு கரண்டி சோயாத் தூள், ஒரு சிட்டிகை யூரியா, நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் போட்டு மூடிவையுங்கள். இருபது நிமிடம் கழித்துத் திறக்கும்போது அம்மோனியா வாடை மூக்கில் ஏறினால் சரியாக வறுக்கவில்லை என்று அர்த்தம். பச்சை சோயாவில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்ததால் வருகிற வாடை அது. யூரியேஸ் அழியாமல் இருந்தால் டிரிப்சின் தடுப்பானும் அழியாமல்தான் இருக்கும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. காப்பித்தூள் நிறத்துக்குக் கருகியிருந்தால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு மீனுக்குக் கிடைக்காமல் போயிருக்கும். வெளிர் மஞ்சளும் இளம்பழுப்பும் கலந்த நிறமே சரி. சோயா விலை நிலையில்லாதது என்பதையும் கணக்கில் வையுங்கள். 2021-ல் ஏறிய ஏற்றத்தில் மத்திய அரசே 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதிக்க வேண்டியதாயிற்று.

இப்போது பூஞ்சை. மல்லாட்டையின் பெரிய வினை இதுதான். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் செத்து, காரணம் தேடியபோதுதான் பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கில் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவில் பண்ணையில் வளர்ந்த டிரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்தது; அங்கே காரணம் பூஞ்சை பிடித்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. கெண்டை டிரவுட் அளவுக்கு நோஞ்சான் இல்லை, உடனே சாகாது. சாகாததுதான் சிக்கல். தீனி எடுப்பது குறையும், ஈரல் வெளுத்து மஞ்சளாகும், லேசான நோய்க்கும் தாங்காது; ‘ஏதோ வளர்ச்சி இல்லை’ என்று தீவனத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

வட ஆற்காட்டு மானாவாரி மல்லாட்டைக்கு இந்த ஆபத்து இரண்டு முறை வருகிறது. ஆடியை ஒட்டி விதைத்தது காய் பிடிக்கும்போது மழை பொய்த்தால் நிலத்துக்குள்ளேயே பூஞ்சை ஏறும். அதற்குத் தப்பி, பிடுங்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க முடியாமல் களத்தில் ஏறும். செக்குக்கு வரும் பருப்பில் தரம் பிரித்துக் கழித்த சொத்தை, சுருங்கல், உடைந்தது எல்லாம் சேர்ந்தால் நஞ்சும் அவற்றோடு வரும். ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. 200 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கிற பொருள் அது. ஆகையால் உங்கள் சொந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, எந்தப் பருப்பை ஆட்டுகிறார் என்பதை. வீட்டுச் சமையலுக்கு எண்ணெய் விற்க நல்ல பருப்பு ஆட்டுகிறவர் என்றால் அந்தப் புண்ணாக்கு தங்கம்.

செக்கிலிருந்து வந்த வில்லையை அப்படியே அடுக்கி வைக்கக் கூடாது. ஆட்டும்போது தண்ணீர் தெளிப்பதால் ஈரம் இருக்கும். உடைத்து இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகே மூட்டை கட்ட வேண்டும். கையால் ஒடித்தால் வளையாமல் ‘சடக்’ என்று முறிய வேண்டும். எள்ளுக்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுவதால் அந்தப் புண்ணாக்கில் இனிப்பு தங்கியிருக்கும், இன்னும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். முறித்த இடத்தில் பாருங்கள்: நல்லது ஒரே சீரான நிறம், வறுத்த கடலை வாசனை. கெட்டதில் சாம்பல் பச்சையோ மஞ்சள் பச்சையோ தூள் படிந்திருக்கும், வாடை மக்கிய சாக்கு போல அடிக்கும். கண்ணுக்குப் பூஞ்சை தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது; பூஞ்சை செத்தபிறகும் நஞ்சு இருக்கும். மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயரப் பலகையில், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். கார்த்திகை வரை மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு மேல் தேவைப்படுகிற அளவு வாங்காதீர்கள். கால்சியம் புரோப்பியோனேட் டன்னுக்கு 2 கிலோ கலந்தால் புதிதாகப் பூஞ்சை வராமல் தடுக்கும், ஏற்கெனவே உள்ள நஞ்சை ஒன்றும் செய்யாது. பென்டோனைட் களிமண்ணைக் கலந்தால் கொஞ்சம் நஞ்சைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியே போகும். நஞ்சு எல்லை தாண்டாத சரக்குக்கு அது ஒரு கூடுதல் காப்பு, கெட்டுப்போன சரக்குக்கு மருந்தல்ல.

சந்தேகம் என்றால் சோதனைக்கு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கட்டணத்துக்குப் பார்த்துத் தருவார்கள். தீவனத்தில் அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. நஞ்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். பத்து மூட்டையில் பத்து இடத்திலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து, பொடித்து, கலந்து, அதிலிருந்து அரை கிலோ அனுப்புங்கள். ஒரே மூட்டையின் மேல்வாயில் அள்ளியதை அனுப்பினால் முடிவு எப்படி வந்தாலும் அதை நம்ப வேண்டாம். புரதமும் பார்க்கச் சொல்லும்போது யூரியா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் சொல்கிறது. 100 கிலோவில் ஒரு கிலோ யூரியா கலந்தால் புரதம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடினதாகக் காட்டும். செக்குப் புண்ணாக்கில் இந்தத் தில்லுமுல்லு குறைவு, வெளியில் வாங்கும் தூள் சரக்கில் உண்டு. மணல் கலப்பைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால் அடியில் நின்றுவிடும்.

மூன்றாவது பாஸ்பரஸ். இங்கேதான் உங்கள் மாமா சொன்னது பாதி சரியாகிறது. தவிட்டிலும் புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் நிறையத்தான் இருக்கிறது, ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. மீனால் அதைத் திறக்க முடியாது. பாஸ்பரஸ் பற்றாத கெண்டை, கொழுப்பை எரிக்காமல் வயிற்றுக்குள் சேர்த்துவைக்கும். தலை எலும்பும் முதுகும் கோணலாகலாம், செவுள் மூடி மெத்தென்று இருக்கும். லைசின் குறைந்தாலும் சதை ஏறாமல் கொழுப்பு ஏறும். இதோடு செக்குப் புண்ணாக்கின் 8 முதல் 12 சதவீத எண்ணெயும், பச்சைத் தவிட்டின் 15 சதவீத எண்ணெயும் சேர்ந்தால் மாமா சொல்வது போல வயிற்றில் கொழுப்பு வைத்த மீன்தான் கிடைக்கும். தவறு புண்ணாக்கின் மேல் இல்லை, அதை மட்டுமே போட்டதில் இருக்கிறது. இதற்குப் பரிகாரம் மோனோ கால்சியம் பாஸ்பேட். மாட்டுக்கு வாங்கும் டை கால்சியம் பாஸ்பேட்டை வாங்கிவிடாதீர்கள். அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும், கெண்டைக்கு இரைப்பையே இல்லாததால் பாதிக்குமேல் அப்படியே வெளியே போகும். திலேப்பியாவுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு, அதற்கு டை கால்சியம் ஓரளவு சரிப்படும். பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதி விற்கிறார்களே என்றால், அதுவும் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கெண்டையின் குடலில் அதற்குப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

இனி அளவு. 100 கிலோவுக்கு இப்படிப் போடுங்கள்: மல்லாட்டைச் செக்குப் புண்ணாக்கு 25 கிலோ, சோயாப் புண்ணாக்கு 22, எண்ணெய் எடுத்த தவிடு 32, நொய் அல்லது மக்காச்சோள மாவு 12, மரவள்ளி மாவு 6, மோனோ கால்சியம் பாஸ்பேட் ஒன்றரை, மீனுக்கான உயிர்ச்சத்து தாது உப்புக் கலவை ஒன்று, உப்பு அரை கிலோ. இதற்குமேல் லைசின் பொடி 300 கிராம். புரதம் 26 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், லைசின் புரதத்தில் 5.5-ஐத் தொடும். மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 3 சதவீதம், தேவைக்கு ஒட்டித்தான் இருக்கும். 5 கிலோ தவிட்டுக்குப் பதில் 5 கிலோ எள்ளுப் புண்ணாக்கு போட்டால் அது சற்றுக் கூடும். எள்ளுக்கு இடம் இங்கேதான், சோயாவுக்குப் பதிலாக அல்ல. பச்சைத் தவிடு போடுவதானால் 10 கிலோ மட்டும், அதுவும் ஆலையிலிருந்து வந்த ஒரு வாரத்துக்குள். அதற்குள் ஒரு நொதி இருக்கிறது, நாள் ஆக ஆக எண்ணெயைக் காறச் செய்துவிடும். மீன் எண்ணெய் தேவையில்லை. கெண்டை தாவர எண்ணெயிலிருந்தே தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைச் செய்துகொள்ளும்.

செய்முறையில் மாவு நைஸாக அரைபட வேண்டும். ரவையாக இருந்தால் உருண்டை நீரில் பிளந்துகொள்ளும், மீனும் செரிக்காமல் கழிக்கும். சப்பாத்தி மாவு சலிக்கும் சல்லடையில் விழ வேண்டும். மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, மற்ற மாவுகளோடு பிசையுங்கள். கிலோவுக்கு மொத்தம் 300 முதல் 350 மில்லி தண்ணீர். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டபிறகே உயிர்ச்சத்துக் கலவையையும் லைசினையும் சேருங்கள், சூட்டில் போட்டால் உயிர்ச்சத்து போய்விடும். பிறகு இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் 3 மில்லிமீட்டர் தட்டுப் போட்டுப் பிழிந்து, நிழலோடு கூடிய காற்றோட்டத்தில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்துங்கள். தார் ரோட்டில் கொட்டி வெயிலில் காயவைக்கிற பழக்கம் வேண்டாம். காய்ந்ததில் ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டால் அரை மணி நேரமாவது வடிவம் கலையாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் கரைந்தால் மூன்றில் ஒன்று காரணம்: கஞ்சி வேகவில்லை, மாவு கொரகொரப்பு, அல்லது எண்ணெய் அதிகம். புண்ணாக்கும் தவிடும் எண்ணெய்ப் பசையாக இருந்து மொத்தக் கொழுப்பு 8 சதவீதத்தைத் தாண்டினால் எந்தக் கஞ்சியும் பிடித்து நிறுத்தாது.

இது மூழ்கும் தீவனம். மிதக்க வைக்கப் பெரிய இயந்திரம் வேண்டும், உங்களுக்கு அது அவசியமுமில்லை. அடியில் மேயும் மிர்கால் மிதவைத் தீவனத்துக்கு மேலே வருவதே அரிது. ஆனால் மூழ்குவதில் தின்றதா தின்னவில்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குட்டையில் மூன்று நான்கு இடத்தில் தட்டு இறக்கி அதில் போடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். பிழிய முடியாத நாட்களில் ஆந்திரத்து வழக்கப்படி அடியில் துளையிட்ட சாக்கில் மாவைக் கட்டிக் கழியில் தொங்கவிடலாம். மீன் வந்து உறிஞ்சிக்கொள்ளும், வாரி இறைப்பதைவிடச் சேதாரம் குறைவு. விரலிப் பருவத்தில் மொத்த எடையில் 4 அல்லது 5 சதவீதம், கால் கிலோவில் 2 முதல் 3, அரை கிலோவைத் தாண்டினால் ஒன்றரை முதல் 2. கணக்குக்கு: 1,600 மீன் பிழைத்து ஆளுக்கு 300 கிராம் என்றால் மொத்தம் 480 கிலோ, 2 சதவீதத்தில் நாளைக்குச் சுமார் பத்து கிலோ. பதினைந்து நாளுக்கொருமுறை வீச்சு வலையில் நாற்பது ஐம்பது பிடித்து நிறுத்துப் பார்த்து அளவை மாற்றுங்கள். மார்கழி, தை விடியல் குளிரில் தீனி பாதியாக இறங்கும், வெயில் ஏறியபிறகு போடுங்கள். விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்று தீனியை நிறுத்திவிட்டு மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலிருந்து தெறித்து விழச் செய்யுங்கள். தின்னாத புண்ணாக்கு அழுகி ஆக்சிஜனைத் தின்றிருக்கிறது.

கட்டுப்படியாகுமா என்பதை மூட்டை விலையில் பார்க்காதீர்கள், ஒரு கிலோ மீன் வளர எவ்வளவு தீவனம் போயிற்று என்பதில் பாருங்கள். மாவாக இறைத்தால் 3 கிலோ, சில சமயம் அதற்கும் மேல். கையால் பிழிந்த உருண்டையில் 2 கிலோவை ஒட்டி. நல்ல மிதவைத் தீவனத்தில் ஒன்றரை. வெறும் உதாரணத்துக்கு, மாவு 30 ரூபாய், உருண்டை 34, மிதவை 48 என்று வையுங்கள். ஒரு கிலோ மீனுக்கு முறையே 90, 68, 72 ரூபாய். மிக மலிவானது மிக விலையுயர்ந்ததாகிவிடுகிறது. உருண்டைக்கும் மிதவைக்கும் வித்தியாசம் நான்கே ரூபாய். வீட்டு ஆட்கள் கைகொடுத்தால் லாபம், கூலிக்கு ஆள் வைத்து அரைத்துப் பிழிந்தால் நிற்காது. உங்கள் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்த்தபிறகு இயந்திரம் வாங்குங்கள். விரலிப் பருவத்து இரண்டு மாதம் கம்பெனித் தீவனமே போட்டுவிட்டு, பிறகு வாரத்துக்குக் கால் பங்காகச் சொந்தத் தீவனத்துக்கு மாற்றுவது நல்ல நடுவழி.

மற்ற புண்ணாக்குகளில் தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதவீதம்தான், தவிட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் போடலாம். பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற நஞ்சு இருக்கிறது, 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இலுப்பை, புங்கன், வேம்பு, ஆமணக்குப் புண்ணாக்குகள் ஒரு பிடிகூடக் கூடாது. இலுப்பைப் புண்ணாக்கு, குஞ்சு விடுவதற்கு முன் குட்டையிலுள்ள களை மீனைக் கொல்லப் போடுகிற சரக்கு. அதிலுள்ள சபோனின் மீனின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். செக்கில் ஒரே கல்லில் மாற்றி மாற்றி ஆட்டுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசோலா பற்றிப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். உலர்ந்ததில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் என்பது மெய், ஆனால் அதில் 94 சதவீதம் தண்ணீர். பத்து கிலோ ஈர அசோலாவில் கிடைப்பது 120, 150 கிராம் புரதம். புல் கெண்டை இருந்தால் பச்சையாகப் போடுங்கள், ரோகுவுக்கு அதைத் தீவனம் என்று கணக்கிட வேண்டாம். முருங்கை, சவுண்டல் இலைத் தூளும் 5 சதவீதத்தோடு நிறுத்த வேண்டியவை; சவுண்டலில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. புண்ணாக்கைப் புளிக்கவைத்துப் போட்டால் பைட்டேட் குறையும் என்பதில் ஐயமில்லை. வீட்டுத் தொட்டியில் புளிக்கவைக்கும்போது எவ்வளவு குறைகிறது, அந்த ஈரத்தில் வேண்டாத பூஞ்சை புகாமல் இருக்குமா என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். மழைக்காலத்தில் அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

கடைசியாக விரால். இதே தீவனம் அதற்கு ஓடாது. அது மாமிசம் தின்னி, 40 சதவீதத்துக்கு மேல் புரதம் கேட்கும். மாவுச்சத்தைத் தாங்காது. சோயா வாடைக்கே வாயைத் திருப்பிக்கொள்ளும். குட்டையின் மிதவை உயிரி அதற்கு விரலிப் பருவத்துக்குமேல் உதவாது. தாவரப் புரதத்தால் மீன்தூளில் ஒரு பகுதியைக் குறைக்கலாம், பாதிக்குமேல் குறைக்கப் போனால் பசியில் ஒன்றையொன்று கடித்துத் தின்னத் தொடங்கும். மீன்தூள் என்று கருவாட்டுக் கழிவை அரைத்து விற்பதை வாங்கினால் உப்பும் மணலும்தான் பாதி. 55 சதவீதத்துக்குக் குறையாத புரதம் என்று சோதனைச் சீட்டோடு கேளுங்கள். விராலை இந்தக் குட்டையில் கெண்டையோடு சேர்த்து விடவும் வேண்டாம், விரலி ஒன்றும் மிஞ்சாது. தனியாகச் சின்னக் குட்டை வெட்டுவதானால், தீவனம் தின்னப் பழக்கிய குஞ்சாகப் பார்த்து வாங்கி, அதற்கு மட்டும் கம்பெனித் தீவனமே போடுங்கள்.